ஈமோகுளோபின் வீடியோவில் காட்டாமல் விட்டவை

வலப்பனையிலோ இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ இருந்துகொண்டு உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் மொழிமூலத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. நல்ல ஆய்வுகூடம் உள்ளவை இன்னும் குறைவு. ஆகவே கலத்துக்குள் நடப்பதையெல்லாம் போனில்தான் பார்க்கிறீர்கள். புரதம் சுருள்வது, ஒட்சிசன் வந்து ஒட்டுவது, டி.என்.ஏ. இரண்டாகப் பிரிவது என்று எல்லாவற்றுக்கும் அசைவூட்டப் படம் (அனிமேஷன்) இருக்கிறது.

அவை நல்ல படங்கள்தான், பாருங்கள். ஆனால் ஒவ்வொரு படத்திலும் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று யாரோ ஒருவர் உங்களுக்காக முடிவெடுத்திருக்கிறார். அது தெரியாமல் பார்த்தால், படத்தை எடுத்தவரின் வசதிக்காகச் செய்யப்பட்டது இயற்கையின் விதியாக மனதில் பதிந்துவிடும். அந்த முடிவுகள் என்னென்ன, அவற்றை நீங்களே உங்கள் கைக்கு எடுப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஈமோகுளோபினை (செங்குழியத்துக்குள் இருந்து ஒட்சிசனைச் சுமக்கும் புரதம்) எடுத்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் மட்டுமல்ல, தோட்டத்துக் கிளினிக்கிலும் அடிக்கடி காதில் விழும் பெயர் அது. இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வந்த அம்மாவோ அக்காவோ நம் வீடுகளில் உண்டு. அந்த இரும்பு போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது இந்த மூலக்கூறு.

முதல் சந்தேகம்: வீடியோவில் தெரியும் ஈமோகுளோபினைக் கமராவால் பிடித்தார்களா? இல்லை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர்). ஈமோகுளோபினின் அகலமோ சுமார் 6 நனோமீற்றர்தான். இவ்வளவு சிறியதன் வடிவத்தை அந்த ஒளியால் படம் பிடிக்க முடியாது.

அப்படியானால் வடிவம் எப்படித் தெரிந்தது? புரதத்தைப் பளிங்காக்கி, அதனூடாக எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறும் விதத்திலிருந்து அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். ஈமோகுளோபினுக்கு இதைச் செய்தவர் கேம்பிரிட்ஜில் வேலை செய்த மக்ஸ் பெருட்ஸ். 1962இல் சக விஞ்ஞானி ஜோன் கென்ட்ரூவுடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிக் கண்டுபிடித்த வடிவங்களைச் சேர்த்துவைக்க 1971இல் புரதத் தரவு வங்கி என்ற பொதுக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. ஏழே ஏழு வடிவங்களோடு ஆரம்பித்தது, இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பார்க்கவும் இறக்கவும் பணம் கட்டத் தேவையில்லை, பதிவும் தேவையில்லை. ஒட்சிசன் இல்லாத மனித ஈமோகுளோபின் அங்கே ‘2எச்எச்பி’ என்ற இலக்கத்தில் இருக்கிறது. ஒட்சிசன் பிடித்தது ‘1எச்எச்ஓ’. தேடும்போது எழுத்துகளை ஆங்கிலத்தில் அடியுங்கள்.

அந்தக் கோப்பைத் திறந்தால் உள்ளே படம் எதுவும் இல்லை. நீளமான ஓர் அட்டவணைதான் இருக்கும்: இது காபன் அணு, இது இருக்கும் இடத்துக்கு மூன்று எண்கள், இது நைதரசன் அணு, அதற்கு மூன்று எண்கள். விஞ்ஞானிகள் அளந்து தந்தது இவ்வளவுதான். நிறம், பளபளப்பு, பின்னால் தெரியும் கருநீல வெளி, மெதுவான சுழற்சி, இசை எல்லாம் பிறகு சேர்த்தவை. எந்த அசைவூட்டத்தைப் பார்த்தாலும் அளந்தது எது, சேர்த்தது எது என்று முதலில் கேளுங்கள்.

நிறத்திலிருந்து தொடங்குவோம். ஒட்சிசன் அணு ஏன் எப்போதும் சிவப்பு? அது ஒரு வழக்கம் மட்டுமே. 1865இல் ஆகஸ்ட் ஹொஃப்மன் என்ற இரசாயனவியலாளர் லண்டனில் ஒரு விரிவுரைக்காக மரப் பந்துகளால் மூலக்கூறு மாதிரிகள் செய்தார். காபனுக்குக் கறுப்பு, ஐதரசனுக்கு வெள்ளை, ஒட்சிசனுக்குச் சிவப்பு, நைதரசனுக்கு நீலம் பூசினார். அந்த வழக்கம்தான் இன்றைய கணினி வரை தொடர்கிறது. இரத்தம் சிவப்பாக இருப்பதற்கும் படத்தில் ஒட்சிசன் சிவப்பாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஈமோகுளோபினில் இரும்பை ஏந்தி நிற்கும் ஈம் பகுதி ஒளியை உறிஞ்சும் விதத்தால்தான் இரத்தத்துக்கு அந்த நிறம் வருகிறது.

ரிப்பன் போலச் சுருண்டு ஓடுகிறதே, அது என்ன? அதுவும் உண்மைத் தோற்றம் அல்ல. ஈமோகுளோபினில் ஆயிரக்கணக்கான அணுக்கள் இருக்கின்றன. அத்தனையையும் வரைந்தால் பெரிய பந்துக் குவியலாகிவிடும், சங்கிலி எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் ஜேன் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1980களின் தொடக்கத்தில் புரதங்களை ரிப்பனாக வரையும் முறையை ஒழுங்குபடுத்தினார். சங்கிலியின் பாதையை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் முறை அது. நல்ல முறைதான். ஆனால் ரிப்பன்களுக்கு நடுவில் தெரியும் வெற்றிடம் உண்மையில் இல்லை. அங்கே அணுக்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. புரதம் உள்ளே காலியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கோப்பை நீங்களே திறந்து பார்க்கும்போது இரண்டு விடயங்கள் குழப்பும். புரதத்தைச் சுற்றி எதனோடும் ஒட்டாமல் சிவப்புப் புள்ளிகள் மிதக்கும். அவை தனி ஒட்சிசன் அணுக்கள் அல்ல, நீர் மூலக்கூறுகள். எக்ஸ் கதிர் முறையில் ஐதரசன் அணு பெரும்பாலும் பிடிபடாது. ஆகவே நீரின் ஒட்சிசன் மட்டும் புள்ளியாகத் தெரிகிறது. ஈமோகுளோபின் சுவாசத்து ஒட்சிசனைச் சூழ வைத்திருக்கிறது என்று அதைப் பார்த்து ஒரு மாணவர் முடிவுகட்டினால் பிழை அவருடையது அல்ல, யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது குழப்பம் இன்னும் பெரியது. ஈமோகுளோபினுக்கு நான்கு சங்கிலிகள் என்று படித்திருக்கிறீர்கள்: இரண்டு அல்ஃபா, இரண்டு பீற்றா. ஆனால் ‘1எச்எச்ஓ’ கோப்பை இறக்கி ஜேமோல், பைமோல் போன்ற மென்பொருளில் நேரடியாகத் திறந்தால் இரண்டு சங்கிலிதான் வரும். மிச்சம் எங்கே? மற்றப் பாதி இதே பாதியின் சமச்சீர்ப் பிரதி என்பதால் கோப்பில் ஒன்றை மட்டும் எழுதியிருக்கிறார்கள். உடலில் இருக்கும் முழு வடிவத்தைக் காட்டு என்று மென்பொருளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புரத வங்கியின் சொந்தப் பக்கத்தில் பார்த்தால் இந்தச் சிக்கல் இருக்காது, அது முழு வடிவத்தையே முதலில் காட்டும். அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கேயே பாருங்கள்.

இனி அசைவுக்கு வருவோம். மறைப்பு அதிகமாக நடப்பது இங்கேதான்.

வீடியோவில் ஒரே ஒரு ஈமோகுளோபின் அகன்ற வெளியில் தனியாக மிதக்கும். உண்மையில் ஒரு செங்குழியத்துக்குள் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. காலையில் வலப்பனையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் நிற்பவர்களைப் போல ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இடைவெளி முழுக்க நீர். அத்தனையையும் காட்டினால் கமராவுக்கு முன்னால் எதுவும் தெரியாது, உண்மைதான். ஆனால் மற்றவற்றை எடுத்துவிட்டோம் என்று ஒரு வரி போடலாம். பெரும்பாலான படங்களில் அந்த வரி இல்லை.

அடுத்தது, ஒட்சிசன் மூலக்கூறு குறிபார்த்து எறிந்தது போல நேராகப் பறந்து வந்து இரும்பில் உட்காரும் காட்சி. உண்மையில் அதற்குத் திசை தெரியாது. நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ள, அது தாறுமாறாக அலைகிறது. பலமுறை தவறிப்போய், எப்போதோ ஒருமுறை சரியான இடத்தில் மாட்டுகிறது. எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருப்பதால் மொத்தத்தில் வேலை நடந்துவிடுகிறது. பரவல் என்ற பாடத்தின் உயிர்நாடி இதுதான். நேராகப் பறக்கும் படத்தைப் பார்த்த மாணவர், மூலக்கூறுக்கு ‘தேவை’ இருப்பதாகவும் அது ‘தேடிப் போவதாகவும்’ விடைத்தாளில் எழுதுகிறார்.

இது வலப்பனையில் மட்டும் வரும் குழப்பம் அல்ல. 2006இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ என்ற நிறுவனம் கலத்தின் உள் வாழ்க்கையைக் காட்டும் ஓர் அசைவூட்டம் செய்தது. உலகம் முழுக்கப் பார்த்த படம். அதில் கைனெசின் (கலத்துக்குள் பொதிகளைச் சுமந்து செல்லும் புரதம்) இரண்டு கால்களால் ஒரு நுண்குழாய் மீது நிதானமாக நடந்து போகும். அந்தக் காட்சியில் கலம் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும், நடையில் ஒரு தடுமாற்றமும் இருக்காது.

உண்மையான கைனெசின் ஓர் அடிக்கு 8 நனோமீற்றர் நகர்கிறது. வேகமாகப் போகும்போது செக்கனுக்குச் சுமார் நூறு அடிகள். அதன் கால் நிதானமாகத் தூக்கி வைக்கப்படுவது இல்லை. வெப்ப அசைவில் உதறி, அலைந்து, பிறகு அடுத்த இடத்தில் பற்றுகிறது. 2014இல் அதே குழுவினர் கலத்தின் நெரிசலையும் புரதங்களின் நடுக்கத்தையும் காட்டும் புதிய படம் ஒன்றை வெளியிட்டார்கள். தாங்கள் முன்னர் எடுத்துவிட்டதைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள். முடியுமானால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மறைத்தல் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

நெரிசலைக் காட்டினால் மாணவர்கள் குழம்ப மாட்டார்களா? ஆசிரியர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஜோடி ஜென்கின்சன், கயெல் மக்கில் ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் 131 மாணவர்களை நான்கு குழுக்களாக்கி, ஒரே நிகழ்வின் நான்கு வடிவங்களைக் குழுவுக்கு ஒன்றாகக் காட்டினார்கள். முதல் வடிவம் மிக எளியது, நான்காவது மிகச் சிக்கலானது. பார்க்கும் முன்னும் பார்த்த பின்னும், இரண்டு வாரம் கழித்தும் சோதித்தார்கள். மொத்தத்தில் நன்றாகப் புரியவைத்தது எளிய படம் அல்ல, மிகச் சிக்கலான படமே.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு எளிய படம் போதும். ஆனால் மூலக்கூறுகள் எப்படி அசைகின்றன என்பதைக் கற்பிக்கும்போது, அசைவைச் சுத்தம் செய்துவிட்டால் கற்பிக்க வேண்டியதையே எடுத்துவிட்டோம் என்று ஆகிறது. பரவல், நொதியம் (இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதம்) ஆகிய பாடங்களுக்கு நான் நெரிசலான படத்தையே பரிந்துரைப்பேன்.

இன்னொரு நுணுக்கமான இடம் இருக்கிறது. ஒட்சிசன் ஒட்டியதும் ஈமோகுளோபின் வடிவம் மாறுவதாக ஓர் அசைவூட்டம் காட்டும்: இரும்பு ஏறத்தாழ 0.04 நனோமீற்றர் நகரும், இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று சுமார் 15 பாகை திரும்பும். தொடக்க வடிவமும் முடிவு வடிவமும் அளந்தவை. மேலே சொன்ன ‘2எச்எச்பி’, ‘1எச்எச்ஓ’ அவைதான். நடுவில் வரும் காட்சிகள்? பெரும்பாலும் யாரும் அளக்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கணினி போட்ட நேர்வழி அது. உண்மையான மூலக்கூறு அந்த வழியாகத்தான் போகிறது என்பதற்கு அந்தப் படம் சாட்சி ஆகாது.

கணினி போட்ட வழி நடக்கக்கூடியதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. அது சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல், புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் முறுக்கிக்கொள்ள முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிவிடும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடமாக்கினார்கள். இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அதை அழைக்கிறது. இன்றும் புதிய புரத வடிவங்களை அதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நேர்வழியில் போட்ட இடைக் காட்சிகள் பல அந்தச் சோதனையில் தோற்றுப்போகும். கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு ஓடுவது போலத் தெரிவதால் அது சரி என்று ஆகிவிடாது.

நேரமும் அப்படியே. ஈமோகுளோபினின் வடிவ மாற்றம் மைக்ரோசெக்கன்களில் (ஒரு செக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முடிந்துவிடும். வீடியோவில் அது ஐந்து செக்கன் ஓடினால், லட்சக்கணக்கான மடங்கு மெதுவாக்கிக் காட்டுகிறார்கள் என்று பொருள்.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யலாம்? வீடியோவை நிறுத்திவிட்டு மூலக்கூறை நீங்களே திருப்பிப் பாருங்கள். புரத வங்கியின் பக்கத்தில் மோல்ஸ்டார் என்ற பார்வைக் கருவி இருக்கிறது. போனின் உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். விரலால் இழுத்தால் மூலக்கூறு திரும்பும், இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகும். பட்டியலில் புரதம், ஒட்டியிருக்கும் சிறு மூலக்கூறு, நீர் என்று தனித்தனி வரிகள் உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கண் அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் மறையும், மறுபடி அழுத்தினால் தெரியும். போன் திரை சிறியது என்றால் பாடசாலைக் கணினியில் பாருங்கள், வசதியாக இருக்கும்.

முதலில் நீரை மறையுங்கள். பிறகு புரதத்தையும் மறையுங்கள். நான்கு ஈம் தகடுகள் மட்டும் ஒன்றுக்கொன்று தூரத்தில் நிற்பது தெரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. ஆயிரக்கணக்கான அணுக்களுள் இரும்பு நான்கே நான்கு. கிளினிக்கில் தரும் மாத்திரை எதற்கு என்று அப்போது கண்ணால் காண்பீர்கள். இதே இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேயிலையில் உள்ள பல்பீனோல்கள் மரக்கறி, தானிய உணவில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் உடல் அதை உறிஞ்சுவது குறைகிறது. இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேநீர் குடிக்காமல் தள்ளிவைப்பது நல்லது.

பிறகு புரதத்தை ரிப்பனாக அல்லாமல் மேற்பரப்பாகக் காட்டும்படி மாற்றுங்கள். ஈம் இருக்கும் பள்ளம் கிட்டத்தட்ட மூடிக்கிடப்பது தெரியும். அப்படியானால் ஒட்சிசன் எப்படி உள்ளே போகிறது என்ற கேள்வி உங்களுக்கு எழும். புரதம் அசைந்து நடுங்கிக்கொண்டே இருப்பதால்தான் வழி திறக்கிறது. ரிப்பன் படம் மட்டும் பார்த்தவருக்கு இந்தக் கேள்வியே வராது.

டேட்டா செலவாகுமே என்று யோசிப்பீர்கள். ‘2எச்எச்பி’ கோப்பு ஒரு எம்பிக்கும் குறைவு. ஜேமோல் இலவசம், ஜாவா உள்ள கணினியில் இணையம் இல்லாமலே ஓடும். ஆசிரியர் ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் போட்டு வைத்தால் வகுப்பு முழுவதும் அதைப் பயன்படுத்தலாம்.

ஆசிரியர்களுக்கும், சொந்தமாகப் படம் செய்ய நினைக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்தின் கலத்துக்குள் கட்டெக்கின் என்ற பல்பீனோல்கள் புன்வெற்றிடத்திலும், அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் பச்சையவுருமணியிலும் பிரிந்து இருக்கின்றன. ரோலரில் கொழுந்து நசுங்கும்போது கலம் உடைகிறது, இரண்டும் கலக்கின்றன, காற்றில் உள்ள ஒட்சிசன் சேர்கிறது. தேநீருக்குப் பொன்னிறம் தரும் தியாஃபிளேவின் உருவாகிறது. பிறகு சூட்டில் உலர்த்தும்போது நொதியம் செயலிழந்து மாற்றம் நிற்கிறது. படமாக்க அருமையான விடயம்.

இதைச் செய்யும்போது கஃபீனை மறைக்கலாம், அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை. ஆனால் ஒட்சிசனை மறைக்கக் கூடாது. மறைத்தால் காற்றோட்டம் எதற்கு என்று புரியாது. கட்டெக்கின் ஒன்றே ஒன்றைக் காட்டாதீர்கள், கூட்டமாகக் காட்டி, பல மோதல்கள் வீணாவதையும் காட்டுங்கள். நேரத்தில் கவனம் தேவை: தொழிற்சாலையில் இலை நிறம் மாற மணிக்கணக்கில் ஆகும், ஒரு மூலக்கூறின் ஒரு மாற்றமோ கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே காட்சியில் ஓடவிட்டால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். இரண்டு தனிக் காட்சிகளாக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் வேகத்தை எழுதுங்கள்.

ஒரு பொருளுக்குக் கொடுத்த நிறத்தைப் படம் முடியும் வரை மாற்றாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். நீலமும் செம்மஞ்சளும் பெரும்பாலும் எல்லோருக்கும் பிரித்துத் தெரியும். பெயர்களைப் பரீட்சைத் தாளில் வரும் அதே தமிழ்ச் சொற்களில் எழுதுங்கள்.

படத்தின் தொடக்கத்தில் மூன்று வரி போடுங்கள்: இதில் நீர் மறைக்கப்பட்டுள்ளது, நிறங்கள் நாங்கள் கொடுத்தவை, வேகம் இத்தனை மடங்கு குறைக்கப்பட்டுள்ளது. வேறொருவர் செய்த வீடியோவை வகுப்பில் போடுகிறீர்கள் என்றால், அதே மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. மாணவர்களே, ஆசிரியர் எழுதாவிட்டால் கையை உயர்த்திக் கேளுங்கள்: “சேர், இதில எதை எடுத்துவிட்டிருக்கிறாங்க?”